பெட்டி யார் வாசலில் நிற்க வேண்டும்?

(ஆரணியில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வருஷா வருஷம் வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். இந்த முறை உள்ளூர்க்காரியே பேசட்டும் என்று மன்றத் தோழர்கள் முடிவு செய்தார்கள். தெருக்களில் புத்தகப் பெட்டி வைக்கப் போகிறோம், எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள், அதையே பேச்சாகவும் பேசிவிடுங்கள் என்றார்கள். ஒரே கூலிக்கு இரண்டு வேலை. நெசவு ஊரில் இருந்துகொண்டு இந்த வித்தையை நாமும் கற்றுக்கொண்டு விட்டோம்.

பட்டியலைப் போட்டேன். மூன்று வயது முதல் ஆறு வயது வரை, ஏழு முதல் பத்து வரை என்று கட்டம் கட்டி எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அவர் இதைப் பார்த்தால் சிரித்திருப்பார் என்று தோன்றியது. அழைப்பிதழில் அவர் பெயரை முழுசாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அவர் வாத்தியார்தான், அப்படியே சொல்கிறேன்.

வாத்தியார் வீட்டுக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகர ட்ரங்குப் பெட்டி இருந்தது. திறந்தால் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் காலனிப் பிள்ளைகள் நாலைந்து பேர் போய் உட்காருவோம். அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “போன வாரம் எடுத்துகினு போனியே, எங்க நிறுத்தின?” முடிச்சியா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இருபதாம் பக்கத்தில் நிறுத்தினேன் என்றால், அந்தப் பக்கத்தைப் பிரித்து அங்கிருந்து உரக்கப் படிப்பார். நாலு பக்கம் தாண்டியும் நம் முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், “இது உனக்கு இப்ப வாணாம்” என்று வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். என்ன வயசு, எத்தனாவது என்று பார்த்துக் கொடுத்த ஞாபகம் எனக்கு இல்லை.

பெட்டி நூலகம் என்று இன்று உலகம் முழுவதும் சொல்வதற்கு ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊர். 2009இல் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்து மறைந்த தன் தாயின் நினைவாக, ஓரறைப் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு சின்ன மரப்பெட்டி செய்து, அதில் புத்தகங்களை அடுக்கி, வீட்டுக்கு முன்னால் ஒரு கம்பத்தில் நட்டு வைத்தார். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், இருப்பதை வைக்கலாம். கார்னகி கட்டிக்கொடுத்த இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் நூலகங்களை எண்ணிக்கையில் தாண்டவேண்டும் என்பது ஆரம்பத்தில் அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. இப்போது நூறு நாடுகளுக்கு மேல் பரவி, பெட்டிகள் 1,50,000ஐத் தாண்டிவிட்டன. டாட் போல் 2018இல் இறந்துபோனார். தாயின் நினைவுக்கு அவர் செய்தது நல்ல காரியம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்தப் பெட்டி ஒன்றை நம்பி நிற்கிறது. தெருவில் போகிற எவரும் இன்னொருவர் வீட்டு முன்னால் நின்று, கதவைத் திறந்து, கையை உள்ளே விடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அது. அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களுக்கு எல்லாத் தெருவிலும் அந்த நிம்மதி கிடையாது என்பதும் நமக்குத் தெரியும். ஆரணியில் எப்படி?

சென்ற ஆண்டு வெள்ளோட்டமாக இரண்டு பெட்டி வைத்தோம். பழைய பீரோப் பலகையில் செய்து, மேலே சரிவாகத் தகரம் அடித்து, கண்ணாடிக் கதவு போட்டது. ஒன்றைத் தறிக்காரர் தெருவில் ஒரு டீக்கடை பக்கத்தில் வைத்தோம். எல்லோருக்கும் பொதுவான இடம் என்று நாங்கள் அதைத்தான் நினைத்தோம். இன்னொன்று காலனியில், அண்ணல் சிலைக்குப் பக்கத்தில். சிலை என்றால் உங்களுக்குத் தெரியும், கம்பிக் கூண்டுக்குள் இருக்கிற சிலை. தமிழ்நாட்டில் அண்ணலைச் சிறை வைத்துத்தான் காப்பாற்றுகிறார்கள்.

முதல் பெட்டியைத் தாண்டித்தான் காலனிப் பிள்ளைகள் காலையும் மாலையும் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். மூன்று மாதத்தில் ஒரு பிள்ளைகூட அதைத் திறக்கவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று விசாரித்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் நல்ல மனுஷன், “எடுத்துக்கோ பாப்பா” என்று கூப்பிட்டும் இருக்கிறார். ஏழாவது படிக்கிற ஒரு பெண் எனக்குப் பதில் சொன்னாள்: “அது அவங்க தெரு பொட்டிக்கா.”

அவள் சொன்னதைக் கேட்டதும் என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா ஒரு நெசவாளர் வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூலி வாங்க நானும் கூடப் போவேன். திண்ணை வரைக்கும்தான் போவோம். உள்ளே குழித்தறி ஓடும் சத்தம் கேட்கும். கதவு இடுக்கில் பார்த்தால் ஒரு மர அலமாரி தெரியும், அதன்மேல் அம்புலிமாமா அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வீட்டுப் பையன் படித்து முடித்துப் போட்டவை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. கேட்க வாயெடுத்தபோது அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவுதான். சமூகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கினேன், ஒதுக்கல் பற்றி எத்தனையோ பாடம் படித்தேன். அந்தக் கை அழுத்தத்தை எந்தப் பாடமும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. தடுக்கிறவர் யாருமே இல்லாத இடத்தில் தடை எப்படி நிற்கிறது என்பதை அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே தடையை ஒரு கண்ணாடிக் கதவில் பார்க்கிறேன்.

பொது என்ற சொல்லை நாம் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். 1923இல் பம்பாய் சட்டமன்றம் போலே தீர்மானத்தை நிறைவேற்றியது. பொது நீர்நிலைகள், பள்ளிகள், அலுவலகங்கள் எல்லாம் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்தவை என்றது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் போன்றோரின் முயற்சியால் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் பொதுக் கட்டடமும் நமக்கும் உண்டு என்றானது. காகிதத்தில் திறந்துவிட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளவேண்டி இருந்தது. பின்னாலேயே ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். இறங்கியதற்கு அடியும் வாங்கினார்கள். ஒரு இடத்தைப் பொது என்று அறிவிக்கப் பலகை போதும். பொதுவாக ஆக்குவதற்கு இன்னும் நிறைய வேண்டியிருக்கிறது. ஏழாவது படிக்கிற பிள்ளையிடம், போய் அந்தப் பெட்டியைத் திறந்து மகாட் செய் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

ஆகையால் என் யோசனை இது. புதிதாக வைக்கிற பெட்டிகள் முதலில் நம் வாசலில் நிற்கட்டும். காலனியில், நம் தெருவில், நம் வீட்டுத் திண்ணையில். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் புத்தகம் வேண்டுமானால் இங்கே வந்து எடுத்துக்கொள்ளட்டும். செயற்குழுவில் இதைச் சொன்னபோது ஒரு தோழருக்குக் கோபம் வந்தது. “சேரிக்குள்ளயே இருந்துக்கோன்னு நாமே சொல்ற மாதிரி ஆவாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த வாரம் மறுபடியும் அதைப் பேசப்போகிறோம், என் பக்கத்தை இன்று இங்கே வைத்துவிடுகிறேன்.

புத்தகம் எப்போதும் ஊரிலிருந்து சேரிக்கு இறங்கி வருகிற பொருள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. படித்தவர் கொடுப்பார், நாம் வாங்கிக்கொள்வோம் என்ற நினைப்பு. நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக வேலை பார்த்தவர் கந்தப்பன். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச் சுவடியை அவர் ஹாரிங்டனிடம் கொடுத்தார், அது எல்லிஸ் துரை கைக்குப் போனது, அதன் வழியாக அச்சுக்கும் போனது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். கந்தப்பன் பண்டிதரின் பாட்டனார். தமிழர் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற புத்தகம் நம் வீட்டுப் பரணிலிருந்து வெளியே போன புத்தகம் என்கிறார் பண்டிதர்.

அவரே 1907இல் பத்திரிகை தொடங்கியபோது பெயரிலேயே விலையை வைத்தார், ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று. யாருக்காக அச்சடிக்கிறோம் என்பதை முகப்பிலேயே சொல்லிவிட்ட பத்திரிகை. ஒரு வருஷம் கழித்து அது ‘தமிழன்’ ஆனது. அதற்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை கொண்டுவந்துவிட்டார். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு ‘தமிழன்’ மறுபடி எழுந்த இடம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி யார்? நம் வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். இந்த அரங்கில் இருக்கிற எத்தனையோ பேருக்குத் தங்கவயலில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருந்திருப்பார்கள். பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நடுவில்தான் சித்தார்த்தா புத்தகசாலை இயங்கியது, பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. பெட்டி நம் வாசலில் நிற்பதைப் பின்னடைவு என்று இந்த வரலாறு தெரிந்தவர்கள் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம்.

எல்லோரும் நிற்கிற இடம் ஒன்று வேண்டும் என்றால் ரேஷன் கடை இருக்கிறது, அங்கன்வாடி இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நெசவாளரும் நிற்கிறார், நாமும் நிற்கிறோம், மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் காத்திருந்த பழக்கம் இரண்டு பேருக்கும் உண்டு. மூன்றாவது பெட்டியை அங்கே வைத்துப் பார்க்கலாம். டீக்கடைப் பெட்டியை எடுக்கவேண்டாம். அதில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதிகம் கை வைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தார் சுற்றுகிற வேலை காத்திருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டார்கள். தறி இருக்கிற ஊரில் குடும்பத் தொழில் என்றால் என்ன என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? பட்டுப்புடவை நெய்கிற வீட்டிலும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீருவதே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையின் சாயங்காலத்தையும் நாம் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

இரண்டாவது பெட்டிக்கு, சிலைக்குப் பக்கத்தில் வைத்ததற்கு, வருகிறேன். அது மூன்றே வாரத்தில் காலி. மன்றத்திலேயே ஒரு சத்தம் கிளம்பியது. “நம்ம ஆளுங்களே திருடிட்டாங்க, இதுக்குத்தான் சொன்னேன், பூட்டு போடுங்கன்னு.” பூட்டுப் போட்ட பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், உடனே பூட்டுத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் தேடிக்கொண்டெல்லாம் போகவில்லை. கல்யாணம், சாவு என்று அந்த வீடுகளுக்குப் போகவேண்டி வரும் அல்லவா, அப்போது கண்ணில் பட்டது. ஒரு வீட்டில் ஆங்கில அகராதியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடும் பாஸ்புக்கோடும் ஆணியில் மாட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் படப்புத்தகத்தைக் கைக்குழந்தை பாதி தின்றிருந்தது. ஒரு பையன் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். எடைக்குப் போகவே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன், ரெண்டு மூன்று போயிருக்கும். ஆனால் சொந்தமாக ஒரு புத்தகம் என்பதே இல்லாத வீட்டில் முதல் புத்தகம் நுழைந்தால் அது உடனே திரும்பி வராது. வரவும் வேண்டாம். அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தபோது வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பழைய புத்தகங்களாக வாங்கிச் சேர்த்தார். சேர்த்த புத்தகங்களில் பல முதல் உலகப் போரில் கப்பலோடு கடலில் போயின. அதற்குப் பிறகும் ராஜகிருஹத்தில் பல்லாயிரம் புத்தகங்களைச் சேர்த்தவர் அவர். சொந்தப் புத்தகம் என்கிற ஆசையை அவர் பிள்ளைகளிடம் திருட்டு என்று சொல்லக்கூடாது. காலியானால் மறுபடி நிரப்புவோம். நிரப்ப முடியாவிட்டால் அது நம் குறை.

எதை நிரப்புகிறோம் என்பதைப் பற்றியும் பேசவேண்டும். புத்தகம் தாருங்கள் என்று கேட்டோம். வந்தவற்றில் பாதி பழைய பாடத்திட்டத்து நோட்ஸ், போட்டித் தேர்வுக் கைடு, பணக்காரர் ஆவது எப்படி, யாரோ யாருக்கோ கல்யாணத்தில் கொடுத்த பக்தி நூல்கள். பழைய துணி கொடுப்பதுபோலக் கொடுத்திருந்தார்கள். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தோம், சிலருக்கு வருத்தம். சென்னைப் புத்தகக் காட்சியில் 2023இல் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகம் திரட்டியது. அங்கே ஜனங்கள் புதிதாக வாங்கியே போட்டார்கள். சிறைக்கு அப்படிக் கொடுக்க முடிகிறபோது சேரிக்கு மட்டும் எதற்குக் கிழிந்ததைக் கொடுக்கவேண்டும்?

நம் பக்கத்துத் தவறு இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது, அதையும் நானே செய்தேன். காலனியில் எட்டாவது படிக்கிற ஒரு பையன், நன்றாகப் படிப்பான். பாமாவின் ‘கருக்கு’ நாவலை அவன் கையில் கொடுத்தேன். 1992இல் வந்த புத்தகம், என் வாழ்க்கையையே திருப்பிய புத்தகம். ரெண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தான். “நல்லா இல்லியா?” என்றேன். “நல்லாத்தான் கீதுக்கா. ஆனா இதெல்லாம் எங்க வூட்லயே கீது. மீனு பத்தி இன்னா கீது?”

மீன் பற்றி என்னிடம் ஒன்றும் இல்லை. கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்தால் அவன் தூண்டிலோடுதான் நிற்பான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் கையில் என்னுடைய காயத்தைக் கொடுத்தேன். வலியைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தகுதி இல்லாதவர்கள் போல நம் பிள்ளைகளை நாமே நடத்துகிறோமோ என்று அன்று யோசித்தேன். அவனுக்கு மீன், பேய், கிரிக்கெட், விண்கலம் எல்லாம் வேண்டும். அவை அவனுக்குக் கிடைக்கவேண்டும் என்பதும் நம் அரசியல்தான். இதை இங்கே இருக்கிற மாணவத் தோழர்கள் ஏற்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன், கேள்வி நேரத்தில் சண்டை போடுங்கள்.

ஆனால் அதே ‘கருக்கு’ புத்தகத்தை அதே தெருவில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரே ராத்திரியில் படித்தாள். பள்ளியில் அவளுக்கு ஏதோ நடந்திருந்தது. என்ன என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு அந்த வாரம் அந்தப் புத்தகம் தேவைப்பட்டது. ஆகவேதான் என் கட்டம் கட்டிய பட்டியலை நானே நம்பவில்லை.

வயதைவிட வாசிப்பு நிலையைப் பார்க்கவேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது ஆச்சரியம்தான். பள்ளிக்கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கியபோது சின்னச் சின்னப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு நிலையாகப் பிரித்தது. நல்ல பெயர்கள். முதல் தலைமுறை வாசகர்கள் உள்ள தெருவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘நுழை’ நிலையில் இருக்கலாம். அவன் கையில் ‘3 முதல் 6 வயது வரை’ என்று அட்டையில் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அன்றோடு பெட்டிப் பக்கமே வரமாட்டான். ஆகவே பெட்டியில் வைக்கிற எந்தப் புத்தகத்திலும் வயதை எழுதாதீர்கள். அச்சிட்டிருந்தால் மேலே ஒரு தாளை ஒட்டுங்கள்.

இருந்தாலும் கேட்டீர்கள், கொஞ்சம் சொல்கிறேன்.

மழலைகளுக்குக் கெட்டி அட்டையில் பெரிய படம், ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. கிழித்தால் கிழிக்கட்டும். குழந்தைப் பாட்டு என்றதும் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைக்காதீர்கள். எம்.சி. ராஜா என்றால் சட்டமன்றம், அரசியல் என்றுதான் தெரிந்து வைத்திருக்கிறோம். அவர் பள்ளி ஆசிரியர், பாடநூல் எழுதியவர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து மழலைப் பள்ளிக்கான பாட்டும் விளையாட்டும் கொண்ட நூலை ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே வெளியிட்டார். தமிழ்நாட்டில் குழந்தைகளைப் பற்றி அச்சில் யோசித்தவர்களில் நம்மவர் முன்வரிசையில் இருந்தார்கள்.

தானாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு ‘டோட்டோ சான்’ வையுங்கள். பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட ஒரு ஜப்பானியச் சிறுமி, ரயில் பெட்டியே வகுப்பறையாக இருக்கிற வேறொரு பள்ளியில் சேர்கிறாள். நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். விரட்டப்படுவது தனக்கு மட்டும் நடப்பதில்லை என்பதும் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ சின்னப் புத்தகம். ஆனால் அதன் முடிவு கனமானது, தனியாகப் படிக்க விடாதீர்கள், கூட உட்காருங்கள். ‘பீமாயணம்’ தமிழில் இருக்கிறது. பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த அம்பேத்கர் வாழ்க்கை. 1901இல் புத்தாடை உடுத்திக்கொண்டு அப்பாவைப் பார்க்க ரயிலேறிய ஒன்பது வயதுச் சிறுவன் மசூர் ஸ்டேஷனில் வண்டி கிடைக்காமல், வழியெல்லாம் தண்ணீர் கிடைக்காமல் தவித்த கதை அதில் வருகிறது. பெரியவரான பிறகு வந்த அம்பேத்கரைச் சட்டப்புத்தகத்தோடு பார்த்துப் பழகிய பிள்ளைகள், தம் வயதில் இருக்கிற பீமாவைப் பார்த்ததும் நெருங்கி உட்காருகிறார்கள். பள்ளிக்காலத்தில் அவரைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பையன் கையில் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்த தூரம் 1956இல் நாகபுரி வரைக்கும். கொடுக்கும்போது கேலுஸ்கர் பட்டியல் எதையும் பார்த்திருக்கமாட்டார்.

பதின்ம வயதில் பையன்களுக்குப் பூமணியின் ‘வெக்கை’. அதில் ஓடுகிறவன் பதினைந்து வயதுப் பையன்தான், படம் பார்த்தவர்கள்கூடப் புத்தகத்தில் வேறொரு கதையைப் பார்க்கிறார்கள். கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ சின்னது, சிரிப்பும் உண்டு. பெண்பிள்ளைகளுக்குச் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’. அப்பாவின் அரசியலையே நிமிர்ந்து கேள்வி கேட்கிற கௌரியை அவர்களுக்குப் பிடிக்கிறது, அப்பாக்களுக்குப் பிடிப்பதில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’. தடிமனைப் பார்த்துப் பயப்படுவார்கள், முதல் ஐம்பது பக்கம் நீங்கள் படித்துக் காட்டினால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்துப் பேச்சு அச்சில் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பேரணாம்பட்டு அழகிய பெரியவனைக் கொடுங்கள். ‘கீது’ என்று பேசுகிற பிள்ளைக்குத் தன் வாய்மொழி இலக்கியத்தில் கிடக்கிறது என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை.

பெரியவர்களைப் பட்டியலில் யாருமே கேட்கவில்லை. என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். தார் சுற்றுகிற கை நிற்காது, ஆனால் காது சும்மாதான் இருக்கிறது. கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை வாசிக்க உட்காரவைத்து, அவர் சுற்றவேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். பேப்பரும் நாவலும் அப்படித்தான் அந்தக் கூடங்களுக்குள் போயின. அதை நாம் சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு தெருவில் செய்து பார்த்தோம். இமையத்தின் ‘பெத்தவன்’ படித்த அன்று தார் சுற்றுகிற ராட்டினச் சத்தம் நின்றுவிட்டது. படித்துக்கொண்டிருந்த பெண்ணாலும் முடிக்க முடியவில்லை. மறுவாரம்தான் முடித்தோம். ஒரு பாட்டி, “அந்தப் பொண்ணு போய்ச் சேர்ந்தாளா இல்லியா” என்று வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெட்டியைவிட அதன் பக்கத்தில் இருக்கிற ஆள் முக்கியம் என்று இதனால்தான் சொல்கிறேன். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தம் சலூனில் நூலகம் வைத்திருக்கிறார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். முடிவெட்டக் காத்திருப்பவர் கையில் புத்தகத்தைக் கொடுக்கிறார், படித்தால் கட்டணத்தில் சலுகையும் தருகிறார். அவருடைய அலமாரி நிறையப் பேரை இழுப்பதற்குக் காரணம் அந்த மனிதர், அவர் கேட்கிற கேள்வி. சாதி இழிவாகச் சுமத்திய ஒரு தொழிலின் இருக்கையிலேயே வாசகரை உட்கார வைத்துவிட்டார். நம் ஊரில் அப்படி யாரார் இருக்கிறார்கள்? இஸ்திரி வண்டிக்காரர், அங்கன்வாடி அக்கா, ரைஸ் மில் வாசலில் டீ விற்கிற அம்மா. இவர்களிடம் பேசிவிட்டுத்தான் தச்சரிடம் போகவேண்டும்.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் என்மேல் எனக்கே கோபம் வரும். பெட்டி வைத்துவிட்டோம் என்று சொல்லி அரசு நூலகத்தைக் கைகழுவ விடக்கூடாது. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, சுதந்திர இந்தியாவிலேயே முதலாவது. அதற்கும் முன்னால் 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். அதே ஆண்டில்தான் சீர்காழி ரங்கநாதன் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று விதி எழுதினார். இன்று சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். காலனி வீட்டு ரசீதிலும் அந்த வரி இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு உரிய கிளை நூலகம் நம் தெருவிலிருந்து எவ்வளவு தூரம், சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர் போகும்போது அது திறந்திருக்கிறதா, ‘பிறகு’ நாவலும் அம்பேத்கர் தொகுதிகளும் அங்கே வெளியே இருக்கின்றனவா, பீரோவுக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து வர நாலு மாணவர்கள் வேண்டும். மனு எழுத நான் வருகிறேன்.

வாத்தியாருடைய ட்ரங்குப் பெட்டி இப்போது அவர் மகள் வீட்டில் இருக்கிறது. அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். கேட்டதும் காலி செய்து கொடுத்துவிட்டார்கள், பாச்சை உருண்டை வாசனை போய்த் தவிட்டு வாசனை அடிக்கிறது. அதை எந்த வாசலில் வைப்பது என்பதைத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை செயற்குழு பேசப்போகிறது. வாசலில் மேஜைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை உட்கார்ந்து படித்துக்காட்ட முடிகிறவர்கள் பெயரும் தெருவும் எழுதிவிட்டுப் போங்கள். மீன் பற்றித் தமிழில் நல்ல புத்தகம் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள், அந்தப் பையன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.